தெக்குப் பக்கத்துச் சுவர்

கிருபைநல்லூர், ஏரல் வழி
5 ஆகஸ்ட் 2024

கர்த்தருக்குள் பிரியமான தம்பி எபிக்கு அக்கா ஜெபராணி எழுதுதேன். இங்கன நான் ஏதோ இருக்கேன். உன் முட்டி ஆபரேஷன் புண்ணு ஆறிட்டா? சுகந்தி சொல்லுத பேச்சைக் கேட்டு நட. மாடிப்படி ஏறாத.

போன்ல ஏன் பேச மாட்டேங்கன்னு கோவிச்சுக்கிடாத. ரெண்டு காதும் செத்துப்போச்சு. அத்தான் அடக்கத்தன்னைக்கு ஊரு அழுத சத்தமே எனக்கு அடுத்த தெருவுல கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. பக்கத்து வீட்டு ஜாய்ஸ் போனை வாங்கிக் கேட்டுச் சொல்லுவா. ஆனா அவ காதுல விழுந்தா ஊரு காதுல விழுந்த மாதிரி. நமக்குத் தபால்தான் சரி.

விஷயம் இதுதான். போன மார்கழி வெள்ளத்துல நம்ம கல்லறைத் தோட்டத்து முள்வேலி முச்சூடும் போயிட்டு. தை மாசம் அசனப் பண்டிகை விருந்துல, எல்லாரும் இலை முன்னால உக்காந்திருக்கோம், சோத்துக்கு இன்னும் ஜெபம் பண்ணல. உங்க அத்தான் திடீர்னு எந்திச்சாவ. எனக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லல. "கல்லறைத் தோட்டத்துக்கு நாலு பக்கமும் கல்லுச் சுவரு நான் கட்டித் தாரேன். எனக்கு ஒரே ஒரு பேச்சுதான். தெக்குப் பக்கம் வேலிக்கு வெளிய எம் மவ ரீபா கிடக்கா. சுவரு அவளையும் சுத்தி வரணும்"ன்னு சொன்னாவ.

தானா உயிரை விட்ட பிள்ளைக்கு உள்ள இடம் இல்லைன்னு எட்டு வருஷத்துக்கு முந்தி சொன்னாவளே, அதே ஆளுக முன்னாலதான் சொன்னாவ. பொறவு குருவானவர் "ஆமென்" சொன்னாவ. சபை கமிட்டியும் ஒத்துக்கிட்டு.

வைகாசிக்குள்ள மூணு பக்கம் முடிஞ்சுது. அதுக்குண்டான பணத்தை அத்தான் அப்பப்ப கொடுத்துட்டாவ. தெக்குப் பக்கம் தொடங்குததுக்குள்ள ஆனியில அவுக போயிட்டாவ. இப்ப கமிட்டிச் செயலாளர் மணிராஜ் அண்ணாச்சி வந்து, "என்னம்மா செய்யட்டும்?"னு கேக்காவ. அவுக வாழைமண்டிப் பணமெல்லாம் ஜெனோவோட சேந்த பேங்குக் கணக்குல கிடக்கு. ஜெனோ மஸ்கட்டுல இருந்து, "அப்பா வாக்கு அப்பாவோட போச்சு, ஒரு பைசா கொடுக்காதீங்க"ன்னு எழுதிட்டான்.

அவுக சொன்ன சொல்லு நம்மளைக் கட்டுமா, கட்டாதா? நீ வக்கீல். விவரமா எழுது.

எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.
அக்கா ஜெபராணி


சேலம்
14 ஆகஸ்ட் 2024

பாசமுள்ள அக்காவுக்கு எபி எழுதுவது. நானும் சுகந்தியும் சுகம். முட்டி மட்டும் இன்னும் என்னோடு சமாதானத்துக்கு வரவில்லை. அத்தானை அடக்கம் செய்யும்போது இங்கே கட்டிலில் கிடந்தேனே, அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

"உங்க அக்காவுக்குக் கோர்ட் மாதிரி பதில் எழுதாதீங்க" என்று சுகந்தி சொல்கிறாள். என்ன செய்ய, முப்பது வருஷப் பழக்கம்.

நீ பயப்படவே வேண்டாம். ஒருவர் தர்மத்துக்குத் தருகிறேன் என்று சொல்வது வெறும் வாக்கு. பதிலுக்கு எதிர்த்தரப்பு ஒன்றும் தராதபோது சட்டம் அதை ஒப்பந்தமாக எண்ணாது. கோயிலில் சொன்னாலும் சரி, கடைத்தெருவில் சொன்னாலும் சரி. சொன்னவர் உயிரோடு இருக்கும்போதே வழக்குப் போட்டு வாங்க முடியாது என்றால், செத்தபிறகு வாரிசுகளிடம் எப்படி வாங்குவது?

ஒரே ஒரு விலக்கு உண்டு. அவர் சொல்லை நம்பி அவர்கள் வேலையைத் தொடங்கி, கல்லுக்கும் கொத்தனாருக்கும் பொறுப்பேற்றுவிட்டால், அந்த அளவுக்குக் கேட்கலாம். அத்தான் விட்டுப்போன சொத்திலிருந்து நாம் கொடுக்க வேண்டிவரும். ஆனால் மூன்று பக்கத்துக்கும் அவரே கொடுத்துவிட்டார். நான்காவது பக்கம் தொடங்கவே இல்லை. அவர் போட்ட நிபந்தனையும் நிறைவேறவில்லை. நிபந்தனை நிறைவேறாதவரை அந்த வாக்கு பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்.

ஆகவே, கட்டாது. நிம்மதியாகத் தூங்கு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி
எபி


கிருபைநல்லூர்
27 ஆகஸ்ட் 2024

தம்பி எபிக்கு, கர்த்தர் உன்னையும் சுகந்தியையும் காக்கட்டும். உன் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் படிச்சேன்.

நீ நல்லாப் பாத்துத்தான் சொல்லுதியா? அவுக வீட்டுக்குள்ள உக்காந்து சொல்லல. ஊரு உலகமெல்லாம் இருக்கச்சே எந்திச்சு நின்னு சொன்னாவ. குருவானவர் அது மேல ஜெபம் பண்ணுனாவ. அதுக்கும் மதிப்பு இல்லையா? கோர்ட்டுல சாட்சி சொல்லப்போனா மட்டும் வேதத்தைத் தொடச் சொல்லுதிய?

அந்த ஒரு விலக்குன்னு எழுதியிருந்தியே, அதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லு. அஸ்திவாரம் தோண்டிட்டா கட்டாயம் ஆயிருமா? எத்தனை அடி தோண்டணும்? கல்லு வந்து இறங்குனா போதுமா? கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டா அப்பவே கட்டுமா? இதுக்கெல்லாம் தனித்தனியாப் பதில் எழுது. மறந்துராத.

ஆமென் சொன்ன குருவானவர் மாத்தலாகிப் போயிட்டாவ. புதுசா வந்தவுக சின்ன வயசு. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. ஐப்பசி மழைக்கு முந்தி வேலையை முடிக்கணும்னு கமிட்டியில பேசிக்கிடுதாவ.

மூணு பக்கமும் சுவரு வந்துட்டதால ஊரு ஆடெல்லாம் தெக்கு வழியாத்தான் உள்ள போவுது. போறப்ப பிள்ளை மேல ஏறி மிதிச்சுத்தான் போவுது. முந்தி நாலு பக்கமும் பரவிப் போகும், இப்பிடி இல்ல. சாயங்காலம் ஒரு கம்பை எடுத்துக்கிட்டு அங்கன போய் உக்காருதேன். நான் ஒத்தையில எத்தனையத்தான் விரட்டுவேன், சொல்லு.

உன் முட்டிக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல்லு.

அக்கா


சேலம்
6 செப்டம்பர் 2024

அக்காவுக்கு, உன் தம்பியின் ஸ்தோத்திரம். இங்கே யாவரும் நலம்.

எத்தனை அடி தோண்ட வேண்டும் என்று கேட்டிருந்தாயே, படித்ததும் சிரித்துவிட்டேன். சுகந்தியிடமும் படித்துக் காட்டினேன். சட்டத்தில் அடிக்கணக்கெல்லாம் இல்லை அக்கா. ஆனால் உன் பயம் வீண்பயம் அல்ல. அத்தான் போட்ட நிபந்தனைப்படி அவர்கள் மண்வெட்டியைப் போட்டு, கொத்தனாரிடம் பேசி முடித்துவிட்டால், அப்புறம் நமக்குத் தலைவலிதான். அதனால் மண்வெட்டி விழக்கூடாது. விழுவதற்குமுன் தடுத்துவிட வேண்டும்.

ஜெனோ பேசினான். அவனுக்கும் இதே கவலை. "அம்மாவை அந்த ஆளுங்க மிரட்டுறாங்களோ" என்றான். கமிட்டி ஆட்கள் வீட்டுக்கு வந்தால் வாய் கொடுக்காதே. "தம்பியைக் கேட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த வயதில் கம்பைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு ஏன் போகிறாய்? மனசுதான் கெட்டுப்போகும். ஆட்டுக்கு நாலு முள்ளை வெட்டிப்போட்டால் போதும். ஜெனோவிடம் சொல்லி ஆள் வைக்கிறேன்.

உன் தம்பி
எபி


கிருபைநல்லூர்
18 செப்டம்பர் 2024

என் தங்கத் தம்பிக்கு,

நல்லா இருக்கியாலே? நான் ரொம்ப நல்லா இருக்கேன். உன்கிட்ட சொல்லாம ஆருகிட்ட சொல்ல?

போன வாரம் மணிராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு நானே நடந்து போனேன். அவுக சம்சாரம் காப்பி கொடுத்தா. நான் சுத்தி வளைக்காம, "அண்ணாச்சி, மழைக்கு முந்தி தோண்டிருங்க, பணத்துக்குக் கர்த்தர் வழி காட்டுவார்"னு சொன்னேன். அவுக தாடையைத் தடவிக்கிட்டு யோசிச்சாவ. பொறவு சரின்னு தலையாட்டுனாவ. வாற திங்கக்கிழமை தோண்டுதாவ!

இன்னைக்குக் காலையில கொத்தன் சுடலைக்கண்ணு வந்து சுண்ணாம்புப் பொடியால கோடு போட்டுட்டான். கிழக்குச் சுவரு முடியுத இடத்துல தொடங்கி, பைய வெளிய வளைஞ்சு, பிள்ளை தலைமாட்டைச் சுத்தி, மேக்க போய்ச் சேருது. "கால்மாட்டுப் பக்கம் கொஞ்சம் தாராளமா விடுப்பா, இல்லைன்னா பிள்ளை குறுக்கிக்கிட்டுக் கிடப்பா"ன்னேன். அவன் கோட்டைக் காலால அழிச்சுட்டு இன்னும் தள்ளிப் போட்டான். நல்ல பிள்ளை. நான் அந்தக் கோட்டுக்கு உள்ள போய் நின்னு பாத்தேன். ஆடு ஒண்ணு வந்துச்சு. "ஏ மூதி, இன்னும் நாலு நாளுதான் உனக்கு"ன்னு சொல்லி விரட்டுனேன்.

வீட்டுக்கு வந்து பாயாசம் வெச்சேன். அத்தான் போனபொறவு இந்த அடுப்புல இனிப்பு வெச்சது இன்னைக்குத்தான். ஜாய்ஸுக்கும் ஒரு தம்ளர் கொடுத்தேன்.

ஜெனோகிட்ட நான் பொறவு சொல்லிக்கிடுதேன். நீ ஒண்ணும் சொல்லாத. தடுக்கணும்னு எழுதியிருந்தியே, அந்த நோட்டீஸு கீட்டீஸு ஒண்ணும் வேண்டாம்.

உன் அக்கா


சேலம்
19 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா, சுகமா?

உன் மனசுக்கு ஆறுதலான சேதி. செவ்வாய்க்கிழமையே சபைக் கமிட்டிக்கு ரிஜிஸ்தர் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். "காலஞ்சென்ற இஸ்ரவேல் அவர்கள் வாய்மொழியாகச் சொன்ன நன்கொடை அவரது வாரிசுகளான என் கட்சிக்காரர்களைக் கட்டுப்படுத்தாது; அதை நம்பி எந்த வேலையும் தொடங்கக்கூடாது; தொடங்கினால் அதற்கு என் கட்சிக்காரர்கள் பொறுப்பல்ல" என்று கறாராக எழுதியிருக்கிறேன். ஜெனோவிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். இனி மண்வெட்டி விழாது.

அதனால் தூங்கு அக்கா. உன் தம்பி இருக்கிறவரை உன்னை ஒருத்தனும் ஒன்றும் கேட்க முடியாது.

எபி


சேலம்
14 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல்.

நீ பதினெட்டாம் தேதி எழுதியது என் நோட்டீஸ் போனபிறகுதான் கைக்கு வந்தது. கோடு போட்டுவிட்டார்களே என்று கலங்காதே. சுண்ணாம்புக் கோட்டுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் இல்லை. கமிட்டியிடமிருந்து எனக்குப் பதிலும் வந்துவிட்டது. "அந்த நன்கொடையையும் அதன் நிபந்தனையையும் இத்துடன் கைவிடுகிறோம்" என்று இரண்டே வரி. ஒரே தபாலில் வழக்கு முடிந்துவிட்டது. என் வக்கீல் வாழ்க்கையிலேயே இவ்வளவு சீக்கிரம் ஜெயித்ததில்லை.

நீயே போய்த் தோண்டச் சொன்னதாகவும் பாயாசம் வைத்ததாகவும் எழுதியிருந்தாய். அது மட்டும் எனக்கு விளங்கவில்லை. நோட்டீஸ் வேண்டாம் என்றதும் விளங்கவில்லை. ஊர்க்காரர்களின் மனத்தாங்கலுக்குப் பயந்து சொல்லியிருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன். சரிதானே?

இரண்டு வரி எழுதிப்போடு.

எபி


சேலம்
18 நவம்பர் 2024

அக்கா, எப்படி இருக்கிறாய்?

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஏரல் பக்கம் நல்ல மழை என்று டிவியில் சொன்னார்கள். ஜாய்ஸுக்குப் போன் போட்டேன். "அக்கா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என்ன அக்கா கோபம்? முட்டி மட்டும் மடங்கினால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன். சுகந்தியும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

எபி


கிருபைநல்லூர்
2 டிசம்பர் 2024

எபிக்கு,

சுகம் கேட்டிருந்த. சுகம்.

நடந்ததை எழுதுதேன். நீ தெரிஞ்சுக்கிடணும்.

கோடு போட்டதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சதும் மணிராஜ் அண்ணாச்சி ஒரு தாளை எடுத்து வாசிச்சாவ. எனக்கு என்ன கேக்கும்? ஏதோ கல்யாண அறிவிப்புன்னு நினைச்சு உக்காந்திருந்தேன். பாத்தா ஒவ்வொரு தலையா என் பக்கம் திரும்புது. ஜாய்ஸ்கிட்ட என்னடின்னு கேட்டேன். அவ பாட்டுப் புஸ்தகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் சிரிச்சேன்லே எபி. மறுநாள் தோண்டப் போறாவல்லா, அதுக்குத்தான் எல்லாரும் என்னைப் பாக்காவன்னு நினைச்சு, திரும்புன மூஞ்சிக்கெல்லாம் சிரிச்சேன்.

வெளிய வந்து அண்ணாச்சி கையில இருந்து வாங்கிப் படிச்சேன். "என் கட்சிக்காரர்கள் ஜெனோ, ஜெபராணி ஆகிய இருவரும்"னு இருக்கு. கீழ உன் கையெழுத்து. என்னை ஒரு வார்த்தை கேட்டியாலே?

அன்னைக்கே கழுத்துச் சங்கிலியைக் கழத்தி எடுத்துக்கிட்டு அவுக வீட்டுக்குப் போனேன். "இதை வித்து அந்தக் கோட்டு மேலயே கட்டுங்க அண்ணாச்சி"ன்னேன். அவுக தொடல. எனக்குக் கேக்காதுன்னு ஒரு தாள்ல எழுதிக் காட்டுனாவ. வக்கீல் நோட்டீஸு வந்தபொறவு எங்ககிட்ட ஒரு பைசாவும் வாங்கக்கூடாதுன்னு கமிட்டி முடிவாம். நன்கொடை இல்லைன்னா நிபந்தனையும் இல்லையாம். அவுகளைக் குத்தம் சொல்ல மாட்டேன். வாக்கு எங்களைக் கட்டாதுன்னா அவுகளையும் கட்டாதுதான். எட்டாங்கிளாஸ் படிச்ச எனக்கு விளங்குது.

வீட்டுக்கு வீடு வரி போட்டு, மழைக்கு முந்தி சுவரைக் கட்டி முடிச்சுட்டாவ. பழைய வேலி இருந்த இடத்துலயே, நேரா. சுடலைக்கண்ணு வந்து, "என்னை மன்னிச்சிருங்கம்மா"ன்னு கும்பிட்டான். அவன் என்ன செய்வான்? கூலிக்காரன்.

உள்பக்கம் பூசி வெள்ளையடிச்சிருக்கு. வெளிப்பக்கம் பூசல. சுவத்து மேல விழுத மழைத்தண்ணியெல்லாம் வழிஞ்சு அவ மேலதான் நிக்குது. உள்ள போக வழி இல்லாம ஆடெல்லாம் இப்ப அங்கனதான் படுத்துக் கிடக்கு.

கட்டுமா கட்டுமான்னு நான் கேட்டது தப்பிக்கதுக்கு இல்லலே. மாட்டிக்கிடதுக்கு. நான் சொன்னா ஜெனோ கேக்க மாட்டான். எனக்கு மிச்சம் இருக்கது அவன் ஒருத்தன்தான், அவன்கூட மல்லுக்கு நிக்க எனக்குத் தெம்பு இல்ல. "நான் என்னய்யா செய்யட்டும், கொடுத்துத்தான் ஆகணும்னு சட்டம் இருக்காம், மாமாவே சொல்லிட்டான்"னு அவன்கிட்ட சொல்லிரலாம்னு நினைச்சேன். அதுக்குத்தான் எத்தனை அடின்னு கேட்டேன். நீ சிரிச்ச. சுகந்திகிட்டயும் வாசிச்சுக் காட்டுன.

ரீபா ஏன் ஆத்துக்குப் போனான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நர்ஸு படிப்பு லீவுல வந்த பிள்ளை. காலையில தோசை தின்னா, தலைமுடிக்கு எண்ணெய் வைக்கச் சொன்னா, வெச்சுவிட்டேன். இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அவுக கேட்டதும் இது ஒண்ணுதான், அவளையும் மத்தவங்களோட சேத்து வைங்கன்னு. நீ இத்தனை கடுதாசி எழுதியிருக்கியே, ஒண்ணுலயாவது அவ பேரு இருக்கா? நிபந்தனை நிபந்தனைன்னுல்லா எழுதியிருக்க. அது நிபந்தனை இல்லலே. எம் பிள்ளை.

பதில் எழுதாத.

ஜெபராணி


சேலம்
11 டிசம்பர் 2024

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொண்டு கமிட்டிக்கு எழுதினேன். மணிராஜ் அண்ணாச்சியிடம் போனிலும் பேசினேன். என் சொந்தச் செலவில் தெற்குச் சுவரை இடித்து, அந்தக் கோட்டின்மேலேயே கட்டித் தருகிறேன் என்றேன். "சபைப் பணத்துல கட்டுன சுவரை இடிக்கச் சொல்லுதியளா வக்கீலையா? அந்தப் பேச்சை விட்டுருங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அத்தான் சொத்தில் உனக்கு மூன்றில் ஒரு பங்கு சட்டப்படி உண்டு அக்கா. அதை நான் முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். உன் பங்கிலிருந்து நீயே அந்தச் சுவரைக் கட்டியிருக்கலாம். நீ எதற்குக் கேட்கிறாய் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். வருகிறவர்கள் எல்லாரும் எப்படித் தப்பிக்கலாம் என்றுதான் என்னிடம் கேட்பார்கள். நீயும் அதைத்தான் கேட்கிறாய் என்று நினைத்துவிட்டேன்.

உன் கடிதத்தை ஜெனோவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். லைன் சரியில்லை மாமா என்று வைத்துவிட்டான்.

மன்னித்துக்கொள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எபி


கிருபைநல்லூர்
8 ஜனவரி 2025

தம்பி எபிக்கு அக்கா எழுதுதேன். இந்தப் புது வருஷத்துல உனக்கும் சுகந்திக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராம இருக்கட்டும்.

கோவத்துல எழுதிட்டேன். எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனாலும் நீ என் தம்பி. உன்னை இடுப்புல தூக்கி வளத்தவ நான்.

சுவரை இனி ஒருத்தரும் இடிக்கப் போறதில்ல. அதை விட்டுருவோம்.

ஜெனோ கிறிஸ்மஸுக்கு வந்தான். தங்கச்சி இருக்க இடத்துக்கு ஒரு நா என்கூட வந்தான். நின்னான். அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. ஊருக்குப் போறதுக்கு முந்தி, அப்பா பக்கத்துல உங்களுக்கு இடம் சொல்லி வெச்சிருக்கேம்மான்னு எழுதிக் காட்டுனான். சுவருக்கு உள்ள. நல்லபடியா, மணி அடிச்சு, குருவானவரை வெச்சு அடக்கம் பண்ணுவானாம். ஆசையாத்தான் எழுதுனான், பாவம். நான் தலையாட்டிட்டேன்.

எனக்கு அது வேண்டாம் எபி. அத்தானுக்கு அந்தப் பக்கம் அவுக அய்யா இருக்காவ, இந்தப் பக்கம் அவுக அம்மா இருக்காவ, ஊரே சுத்திக் கிடக்கு. அவளுக்கு ஆரு இருக்கா? நான் போனா என்னைத் தெக்குச் சுவருக்கு வெளிய, அவ பக்கத்துல வைக்கணும். மணி வேண்டாம். குருவானவர் வந்தா வரட்டும், வராட்டி பரவாயில்ல.

இதை நான் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சா, அது கட்டுமா? செத்தபொறவு என் சொல்லு எம் மகனைக் கட்டுமா? எதுக்குக் கேக்கேன்னு இந்தத் தடவை சொல்லிட்டேன். நல்லாப் பாத்து எழுது.

முட்டி இப்ப மடங்குதா?

அக்கா


சேலம்
18 ஜனவரி 2025

அக்கா,

முட்டி மடங்குது. வாற வெள்ளிக்கிழமை ரயில்ல ஏறுதேன். திருநெல்வேலியில இறங்கி ஏரல் பஸ்ஸைப் பிடிச்சு வந்து சேருவேன். நீ பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்காத. நேரா ரீபா இருக்க இடத்துக்குப் போயிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன். கட்டாது அக்கா. நல்லாப் பாத்துட்டேன். இங்கன என்னைவிடப் பெரிய வக்கீல்கிட்டயும் கேட்டுட்டேன். செத்தவங்க உடம்பு செத்தவங்களுக்கே சொந்தம் இல்லையாம். எங்க வைக்கணும்னு நீ எழுதி வெச்சாலும், சாட்சி வெச்சுக் கையெழுத்துப் போட்டாலும், சட்டத்துக்கு அது ஒரு ஆசைதான். ஜெனோ மனசு வெச்சா உண்டு. உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் எழுதி வை. நான் வந்து வாங்கிக்கிடுதேன். அந்த நாள் வந்தா நான் வந்து நின்னு, அதை ஜெனோ முன்னால வாசிப்பேன். அவன் கேக்கலைன்னா அவன் கையைப் பிடிச்சுக் கெஞ்சுவேன். அதுக்கும் அசையலைன்னா பெட்டிக்குக் குறுக்க உக்காந்துருவேன். இது நான் உனக்குக் கொடுக்க வாக்கு. இதுக்கும் சட்டத்துல மதிப்பு இல்ல. நான் உனக்கு முந்திப் போயிட்டா எம் பிள்ளைகளை இது கட்டாது.

உனக்கு எழுபது நடக்கு. எனக்கு அறுபத்தஞ்சு, சர்க்கரை வேற இருக்கு. அதனால தினமும் காலையில சுகந்தி ஜெபத்துக்கு முழங்கால் போடுதப்ப நானும் பக்கத்துல நாற்காலியில உக்காந்து ஒண்ணே ஒண்ணைத்தான் கேக்கேன். எங்க அக்காவை ரீபா பக்கத்துல வெச்சதுக்கு மறுநாள் என்னைக் கூப்பிட்டுக்கோ ஆண்டவரே, அதுக்கு ஒருநாள் முந்தியும் வேண்டாம்னு.

உன் தம்பி
எபி